கேஸ் அடிப்பதற்கு முன்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட கார் ஏசி பட்டறை. மே மாதத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நான் போன அன்று முதலில் நின்றது ஒரு பழைய மாருதி 800.

"பைபாஸ்ல போனா சில்லுனு இருக்கு மாஸ்டர். சிக்னல்ல நின்னா அனல்தான் வருது. போன வாரம்தான் வேற இடத்துல கேஸ் அடிச்சேன்" என்றார் வண்டிக்காரர்.

இதிலேயே மாஸ்டருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கேஸ் குறைந்திருந்தால் ஓடும்போதும் சரியாகக் குளிராது. ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே கண்டன்சரின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். வண்டி நின்றதும் அதை ஃபேன்தான் செய்ய வேண்டும்.

என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார்கள். கம்ப்ரஸர் 'டிக்' என்று பிடித்தது. கண்டன்சர் ஃபேன் லேசாக முனகியது, சுற்றவில்லை. உயர் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு கேஜின் முள் 300 பிஎஸ்ஐயைத் தாண்டி ஏறியது. மாஸ்டர் ஒரு மக் தண்ணீரைக் கண்டன்சர் மேல் ஊற்றினார். முள் மளமளவென்று இறங்கியது. அடைப்பும் இல்லை, கம்ப்ரஸர் கோளாறும் இல்லை, காற்றுதான் வரவில்லை என்பதை அந்த ஒரு மக் தண்ணீர் சொல்லிவிட்டது.

உதவிக்கு இருந்த பையன் ஃபேன் கனெக்டரைக் கழற்றி டெஸ்ட் லேம்பை வைத்தான். பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வருது மாஸ்டர், மோட்டார்தான் போச்சு. புதுப்பேட்டையில பழசு ஒண்ணு பார்த்துடலாமா?"

"இருடா தம்பி. அந்த ஹெட்லைட் பல்பை எடு."

பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டத்தில் மோட்டாரை மாற்றிவிடுவார்கள். டெஸ்ட் லேம்பு எரிய அரை ஆம்பியர் போதும். துருப்பிடித்த இணைப்பு வழியாகவும் அவ்வளவு போய்விடும். மோட்டாருக்கு ஏழெட்டு ஆம்பியராவது வேண்டும். அதே கனெக்டரில் ஹெட்லைட் பல்பை வைத்தபோது மங்கலாக, சிவப்பாக எரிந்தது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் வளையம் துருவேறிக் கறுத்திருந்தது. எமரி பேப்பரால் இரும்பு பளபளக்கத் தேய்த்து, புது வளையம் அடித்து முடுக்கினதும் ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது.

ஃபேன் ஓடியும் பிரஷர் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. போன வாரம் அளவில்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். இருந்த கேஸை மெஷினில் இழுத்துக்கொண்டு, வேக்குவம் போட்டு, எடை பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். மற்ற பல பட்டறைகளில் பைப்பைத் திறந்து காற்றில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. ஓசோனை அரித்த பழைய ஆர்12 வகை ஏசி கேஸ்களின் உற்பத்தி, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளரும் நாடுகளிலும் 2010-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகக் கார் ஏசிக்கு வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதே எடைக் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரேடியேட்டர் ஃபேனை யாரோ 'டைரக்ட்' பண்ணியிருந்தார்கள். கூலன்ட் சூடானால் தானே ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்சையும் ரிலேயையும் ஒதுக்கிவிட்டு, டேஷ்போர்டில் ஒரு சாதா சுவிட்ச். அத்தனை கரண்டும் அதன் வழியாகவே போய் பிளாஸ்டிக் உருகியிருந்தது. ஒருநாள் சுவிட்சைப் போட மறந்து நெரிசலில் மாட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க டைரக்ட் பண்ணலாம். அதையே வருடக்கணக்கில் விட்டுவைப்பது வண்டிக்காரருக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

பில் போடும்போதுதான் பேச்சு தடித்தது. "ஒரு பார்ட்டும் மாத்தலையே மாஸ்டர், இதுக்கா இவ்வளவு?"

மோட்டாரை மாற்றியிருந்தால் இதைவிட அதிகம் கொடுத்திருப்பார். துரு அப்படியே இருந்து, புது மோட்டாரும் முனகியிருக்கும். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்று இந்தத் தொழிலில் தனிக் கூலி கிடையாது. மாற்றிய சாமானுக்குத்தான் காசு. இது நீடித்தால் அந்தப் பையனும் பல்பை எடுக்கமாட்டான், நேரே புதுப்பேட்டைக்குத்தான் போவான். மாஸ்டர் வாதாடவில்லை. பழைய வளையத்தை வண்டிக்காரர் கையில் கொடுத்து, பல்பை மறுபடி எரியவிட்டுக் காட்டினார். வண்டிக்காரர் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். ரேடியேட்டர் ஃபேனுக்கு ரிலேயும் தெர்மோ சுவிட்சும் போட வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டார்.