மொய் நோட்டில் இல்லாத பேர்கள்

சம்பா நடவு முடிஞ்ச கையோட, நெல்லித்தோப்புல இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். தோப்புன்னு இப்ப பேருதான், பஸ் ஸ்டாண்டு சத்தம் வீடு வரைக்கும் கேக்குது. அத்தைக்கு எண்பது தாண்டிடுச்சு. நினைவு நல்லா இருக்கும்போதே பழைய போட்டோ, பத்திரிகை எல்லாத்தையும் ஒரே நோட்டுல சேர்த்துடணும்னு எனக்கு ஒரு அவசரம்.

அத்தை கல்யாணம் 1963ல. பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைச்சது 1962 ஆகஸ்ட் 16, அதுக்கு அடுத்த வருஷம். அன்னிக்கு எடுத்த கருப்பு வெள்ளைப் படம் இன்னும் பளிச்னு இருக்கு. 80கள்ல எடுத்த கலர் படங்கதான் சிவந்து போச்சு. அதுலயும், பசை அட்டை மேல பிளாஸ்டிக் தாள் மூடுற ஆல்பம் இருக்கு பாருங்க, அதுலேர்ந்து உரிச்சா படமே கிழியுது. அதனால இந்தத் தடவை பசையே வேணாம்னுட்டேன். மைதாப் பசைன்னா பூச்சிக்கு விருந்து. காகிதத்துல முக்கோணமா மூலை மடிச்சு ஒட்டி, படத்தை அதுல சொருகிட்டேன். படத்துக்குப் பின்னாடி பென்சில்ல எழுதறதுதான் நல்லது. பேனா மை முன்பக்கம் ஊறும்.

கல்யாணப் படத்துல பதினாலு பேரு. தாத்தா எழுதின மொய் நோட்டையும் கொண்டு போயிருந்தேன். ஊரு, பேரு, தொகை, நெல்லா குடமான்னு எல்லாம் அதுல இருக்கு. அதை வச்சு ஆம்பளைங்க எல்லாரையும் கண்டுபிடிச்சுட்டோம். பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட அதுல இல்ல. மொய் வீட்டுக்காரர் பேர்லதானே எழுதுவாங்க! அவங்க பேரெல்லாம் அத்தை மனசுல மட்டும்தான் இருக்கு.

நம்ம புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, 1880லேர்ந்து 1980 வரைக்குமான தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க. பெரிய வேலை. படம் பிழைச்சிடும். அதுல நிக்கிறவங்க பேரை வீட்டுக்காரங்க சொன்னாத்தானே உண்டு?

படத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் நம்பர் போட்டேன். அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்பதாம் நம்பர், இடுப்புல குழந்தையோட நிக்கிற அம்மா. அத்தை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிப் பார்த்தாங்க.

"இவதான்டா எனக்குத் தலை பின்னி விட்டா. பேரு வரமாட்டேங்குது ராசா."

"தலை பின்னி விட்டவங்க"ன்னு எழுதி, பக்கத்துல இடம் விட்டிருக்கேன். தை அறுப்பு முடிஞ்சதும் சின்னத்தையையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு ஞாபகம் இருக்கலாமாம்.