தம்பி மகன் காருக்கு எந்த பாடி?

எப்பவும் வாழை, தென்னை, பெரியாத்துத் தண்ணினு எழுதுற ஆளு இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி எழுதப் போறேன். வெயில் தலைக்கு ஏறிடுச்சுனு நினைச்சுறாதீங்க. மூணு மாசமா எங்க தோட்டத்துத் தேங்காய்க் கொட்டகையில் ஒரு கார் உருவாகிட்டு இருக்கு. அதுக்கு எந்த மாதிரி பாடி வைக்கிறதுனு வீட்டுல நடந்த பஞ்சாயத்துதான் இந்த வாரக் கதை.

கட்டுறது என் தம்பி மகன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். காலேஜ்ல பசங்களா சேர்ந்து ஒத்த சீட்டு ரேஸ் கார் ஒண்ணு கட்டி, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கிற காரி டிராக்குக்கு ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கொண்டு போனாங்க. படிச்சு முடிச்சு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில நாலு வருஷம் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் தம்பிக்குப் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் விழுந்துருச்சு. பய வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டான். பகல்ல வாழைக்குத் தண்ணி பாய்ச்சுறான், சாயங்காலம் கொட்டகையில வெல்டிங் வைக்கிறான். வேலை போன வருத்தத்தை வாய் திறந்து சொல்ல மாட்டான். அந்தக் காரைத் தொடும்போதுதான் அவன் மூஞ்சி பழைய மூஞ்சியா இருக்கும். அதனால நான் தடுக்கல.

வெளிநாட்டுல இதை கிட் கார்னு சொல்றாங்க. காரை உதிரி உதிரியா பெட்டியில வாங்கி, வீட்டுல வச்சு நாமளே பூட்டிக்கிறது. இங்கிலாந்துல லோட்டஸ் கம்பெனி 1957-ல 'செவன்'னு ஒரு கார் விட்டுச்சு. முழுக் காரா வாங்கினா வரி, உதிரியா வாங்கினா வரி கிடையாது. பூட்டுற விவரம் எழுதிக் கொடுத்தா உதிரினு ஒத்துக்க மாட்டாங்களாம். அதனால 'கழட்டுறது எப்படி'னு எழுதிக் கொடுத்தாங்களாம், வாங்கினவன் அதைக் கடைசியிலிருந்து படிச்சுப் பூட்டிக்கணும். இதைப் பய சொன்னப்ப எங்க வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். வரி ஏய்க்கிற வித்தை எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான் போல. 1973-ல அங்க வரிமுறை மாறினதும் அந்த லாபம் போச்சு. லோட்டஸும் அதே வருஷம் செவனை கேட்டர்ஹாம்ங்கிற கம்பெனிக்குக் கொடுத்துருச்சு. அந்த வண்டி இன்னும் ஓடுது.

நம்ம நாட்டுல கடைக்குப் போய் கிட் வாங்குற வழி இல்லை. ஆனா ஆசைப்பட்டவங்க இருந்திருக்காங்க. மகாராஷ்டிராவுல அலிபாக் பக்கம் சிங்காரானு ஒரு கம்பெனி, அம்பாசடருக்கு வந்த இசுசு எஞ்சினைப் போட்டு, செவன் மாதிரியே ஒரு ரோட்ஸ்டர் செஞ்சுது. பெங்களூர் சான் கம்பெனி 1998-ல ஸ்டார்ம்னு ரெண்டு சீட்டு ஃபைபர் பாடி கார் விட்டுச்சு. நம்ம கோயம்புத்தூர்ல கரிவரதன்னு ஒருத்தர், லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர், மாருதி 800 எஞ்சினை வச்சே ஃபார்முலா மாருதினு ரேஸ் கார் கட்டி, வசதி குறைஞ்ச பசங்களையும் டிராக்குல இறக்கினவர். 1995-ல விமான விபத்துல போயிட்டார். மேல சொன்ன காரி டிராக் அவர் பேர்லதான் இருக்கு. பின்னாடி ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயன் முதல்ல ஓட்டினது ஃபார்முலா மாருதிதான்.

எங்க வீட்டுப் பய இந்தப் படமெல்லாம் கொட்டகைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தான். கடைசியில மூணு படம் மிஞ்சுச்சு. ஒண்ணு, கூரை மூடின, மீன் மாதிரி வழவழனு இருக்கிற கூப்பே. ரெண்டாவது, நீள மூக்கு, சக்கரம் வெளிய தெரியிற செவன். மூணாவது, கலிஃபோர்னியாவுல புரூஸ் மேயர்ஸ்ங்கிறவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அடித்தளத்து மேல ஃபைபர் தொட்டி மாதிரி வச்ச மணல்வெளி பக்கி. அவன் மனசு கூப்பே மேல. "பெரியப்பா, பாத்தவன் திரும்பிப் பாக்கணும்"னு சொன்னான்.

எனக்கு கார் தெரியாது. வண்டி தெரியும். எங்க பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் எப்படினு கேள்விப்பட்டிருப்பீங்க. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டுனு மாட்டை வகை பிரிச்சு ஓட விடுவாங்க. நெல் ஏத்துற பார வண்டியும் பந்தய வண்டியும் அடிப்படையில ஒண்ணுதான், அச்சு, சக்கரம், ஏர்க்கால், நுகத்தடி. பந்தய வண்டியில மத்ததையெல்லாம் கழிச்சுருவாங்க. எந்த மாட்டைப் பூட்டப் போறோம்னு தெரியாம எந்த ஆசாரியும் உளி எடுக்க மாட்டார். அதனால நான் கேட்டது ஒரே கேள்வி, "உன் மாடு எது?"

மாடுங்கிறது எஞ்சின். பய வாங்கி வச்சிருந்தது ஆர்.சி. ரத்தான பழைய ஆம்னி வேன். மாருதி 800-லயும் ஆம்னியிலயும் அதே 796 சி.சி., மூணு சிலிண்டர் எஞ்சின்தான். ஆனா 800-ல எஞ்சின் குறுக்குவாட்டுல உக்காந்து முன் சக்கரத்தைச் சுத்தும். ஆம்னியில நெடுக்குவாட்டுல உக்காந்து பின் சக்கரத்தைத் தள்ளும். இதுலயே பாதி முடிவு வந்துருச்சு. 800-னா எஞ்சினோட மொத்த செட்டையும் சீட்டுக்குப் பின்னாடி கொண்டு போய் குட்டை மூக்கு வண்டி கட்டலாம். பக்கிக்கும் எஞ்சின் பின்னாடிதான் இருக்கணும். ஆம்னி எஞ்சின் முன்னாடி நெடுக்க உக்காந்து, நடுவுல தண்டு ஓடி, பின் அச்சுக்குப் போறதுக்கு ஏத்தது செவன் மாதிரி நீள மூக்குதான். சக்தி ஏறக்குறைய 35 குதிரைத்திறன். போதுமானு கேட்டேன். முதல் செவனுக்கே ஃபோர்டோட பழைய எஞ்சின், 40 குதிரைத்திறன் அளவுதான்னு சொன்னான். எடை குறைவா இருந்தா போதுமாம். பூஞ்சிட்டு வண்டியில பெரிய மாட்டு நுகத்தடியை வைக்காத கணக்குதான்.

அப்புறம் காத்து. கூப்பே காத்தை வழுக்கிக்கிட்டுப் போகும், செவன் கதவைத் தூக்கி நிறுத்தின மாதிரி காத்துல முட்டும்னு அவனே ஒத்துக்கிறான். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். எங்க பள்ளத்தாக்குல ஆனி, ஆடியில அடிக்கிற காத்துல வாழைக்கு முட்டுக் குடுக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இலை கிழிஞ்சு காத்துக்கு வழி விட்டாத்தான் மரம் நிக்கும். ஆனா நல்ல வேகத்துல போனாத்தான் அந்தக் கணக்கு பெருசா வரும். 35 குதிரையை வச்சுக்கிட்டு, இந்த இடத்துல, எங்க அந்த வேகம்?

அடுத்து, யார் கையால செய்யிறது. ஃபைபர்ல ஒரு பாடி வேணும்னா, முதல்ல அதே அளவுல மரத்துலயோ களிமண்ணுலயோ ஒரு உருவம் செஞ்சு தேய்க்கணும். அதுமேல அச்சு எடுக்கணும். அச்சுக்குள்ள பாயை விரிச்சு ரெசின் ஊத்தணும். ஒரு வேலைக்கு மூணு வேலை. இருபது கார் செய்யிறவனுக்கு அந்த அச்சு கட்டும், ஒரே கார் செய்யிறவனுக்குக் கட்டாது. சித்திரை வெயில்ல ரெசின் கலக்கின டப்பாவிலேயே இறுகிப் போகும். இடிச்சா ஒட்டுறதுக்கு ஆள் தேடணும். தகடுனா கதை வேற. கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுற ஜீப்புகளை ஒக்கிடுற டிங்கர்கள் எங்க பக்கம் நிறைய. தட்டித் தட்டித் தகட்டை நிமித்துறதுல அவங்களை மிஞ்ச ஆள் இல்லை. செவன் பாடி பெரும்பாலும் ஒரு பக்கமா வளைக்கிற தட்டைத் தகடுதான். மூக்கும் மட்கார்டும் மட்டும் ரெண்டு பக்கம் வளையணும், அதை மட்டும் ஃபைபர்ல செஞ்சா போதும். உள்ள இருக்கிற கூடு ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப். ரான் சாம்பியன்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1996-ல வீட்டுலயே இப்படிக் கட்டுறது எப்படினு புத்தகமே போட்டிருக்கார். அதைத்தான் பய வேதமா வச்சிருக்கான்.

கூப்பே படத்தைக் கிழிச்சுட்டான். நாலு நாள் யாரோடயும் பேசல.

பெரிய சிக்கல் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. என் தம்பி பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும். ஒரு நாள் கொட்டகைக்குத் தாங்கித் தாங்கி வந்து, கூட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "என்னைய எங்கடா உக்கார வைப்ப?"னு கேட்டான். செவன்ல சீட்டு கிட்டத்தட்ட தரையிலதான் இருக்கும். பக்கச் சுவரைத் தாண்டிக் காலை உள்ள விடணும். நல்ல காலு உள்ளவனுக்கே அது கர்ணம்தான்.

பய பதில் சொல்லல. மறுநாள் செங்கலும் பலகையும் அடுக்கி அவனை உக்கார வச்சு எந்திரிக்கச் சொல்லிப் பாத்தான். எட்டு இஞ்ச்ல முடியல. பன்னெண்டுல நான் தூக்கி விட்டேன். பதினாறு இஞ்ச்ல பலகையைப் பிடிச்சுக்கிட்டுத் தானா எந்திரிச்சான். வெளியில பாத்து உக்காந்து, அப்புறம் காலைத் திருப்பி உள்ள வைக்கணும்னா, இடது பக்கச் சுவர் சீட்டு உயரத்துக்கு மேல இருக்கக் கூடாது.

அந்தச் சுவர் அழகுக்கு இருக்கிறதில்லை. வண்டியை முறுக்காமப் பிடிக்கிறதே பக்கத்துல ஓடுற அந்தப் பைப்புக் கூடுதான். வெட்டினா வண்டி கயித்துக் கட்டில் மாதிரி நெளியும். அப்புறம் பாக்கிறதுக்கு? ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு சீட்டு மேல, ஒரு சீட்டு கீழ. "கோணல் வண்டியாப் போயிரும் பெரியப்பா"னு சொன்னான். குரல் உடைஞ்சுருச்சு. அவன் அம்மா, "அவரு ஏறலைன்னா என்ன, நீ ஆசைப்பட்டபடி கட்டுப்பா"னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் சங்கடம்.

நடுவுல இன்னொரு உண்மையும் சொல்லணும். இந்த வண்டி ரோட்டுல ஓடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. புது வண்டினா அதோட மாதிரி புனேயில இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி நிலையத்துல சோதனையில தேறணும். ஒரே வண்டி கட்டுற விவசாயி வீட்டுக்கு அது ஆகுற காரியமில்லை. சாங்லி பக்கம் ஒரு கொல்லர் அறுபதாயிரம் ரூபாய்ல குட்டி ஜீப் செஞ்சு 2021-ல நாடே பாத்துச்சு. ஆனந்த் மகிந்திராவே, விதிக்கு ஒத்து வராததால அதிகாரிங்க நிறுத்திருவாங்கனு சொல்லித்தான் அதை வாங்கிக்கிட்டு ஒரு பொலீரோ கொடுத்தார். அப்ப எங்க வண்டிக்கு மிச்சம், எங்க தென்னந்தோப்பு மண் பாதையும், டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போய் வாடகை கட்டி ஓட்டுற டிராக்கும்தான்.

இதைச் சொன்னப்பதான் பயலுக்கு ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்துச்சு. ரோட்டுல திரும்பிப் பாக்க யாரும் இல்லைனா, அழகு யாருக்கு? தோப்புக்குள்ள அந்த வண்டியில அவன் பக்கத்துல உக்காரப் போறது அவன் அப்பன்தான்.

ராத்திரி போன்ல ஒரு படம் காட்டினான். ஜாகுவார் டி டைப். 1955, 56, 57 மூணு வருஷமும் பிரான்ஸ்ல லெ மான் பந்தயத்துல ஜெயிச்ச கார். அதுல ஓட்டுறவன் தலைக்குப் பின்னாடி மட்டும் மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு நிக்கும், மத்த பக்கம் ஒண்ணும் இருக்காது. "இதுவும் கோணல்தான் பெரியப்பா"னு சிரிச்சான்.

இப்ப முடிவாகி இருக்கிற பாடி இதுதான். செவன் மாதிரி நீள மூக்கு. வலது பக்கம் ஓட்டுறவனுக்குத் தாழ்வான சீட்டு, தலைக்குப் பின்னாடி ஒரு திமில். இடது பக்கம் பதினாறு இஞ்ச் உயரத்துல சீட்டு, பக்கச் சுவர் அந்த மட்டத்துக்கு வெட்டினது, பிடிச்சு எந்திரிக்க ஒரு கைப்பிடி. வெட்டின பலத்தை ஈடு கட்ட, நடுவுல தண்டு ஓடுற கூட்டையும் அடிப் பைப்பையும் ரெட்டையாக்கியாச்சு. ரோல் பார் உயரம் என் தம்பி தலைக்கு மேல வர்ற மாதிரி. கதவு, கூரை எதுவும் இல்லை. சாரல் அடிச்சா நனைய வேண்டியதுதான்.

வீட்டுல வண்டி கட்டணும்னு ஆசைப்படுற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெரியப்பா சொல்றது ஒண்ணுதான். படத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி எஞ்சினைப் பாருங்க, பக்கத்துல இருக்கிற டிங்கரைப் பாருங்க, பக்கத்து சீட்டுல யாரு உக்காரப் போறாங்கனு பாருங்க. அவங்களைச் செங்கல் மேல உக்கார வச்சு ஒரு தடவை எந்திரிக்கச் சொல்லிப் பாத்துட்டு அப்புறமா தகட்டை வெட்டுங்க.

எங்க தகடு இன்னும் வெட்டல. காத்து காலம், வாழைக்கு முட்டுக் குடுக்கிற வேலை கிடக்கு. அது முடிஞ்சதும் டிங்கர் வர்றதாச் சொல்லியிருக்கார். தம்பி இப்பவே தினமும் சாயங்காலம் கொட்டகைக்கு நடந்து வந்து, சீட்டு இல்லாத அந்தக் கூட்டுல பலகையைப் போட்டு உக்காந்து எந்திரிச்சுப் பாக்கிறான். டாக்டர் சொன்னப்ப செய்யாத பயிற்சி.