பள்ளம் பார்த்துக் கொட்டும் பழக்கம்



ஆண்டு மலர் என்றாலே கவிதை, நட்பு, பிரிவு என்று பக்கங்கள் நிறையும். நான் எழுத எடுத்துக்கொண்டது குப்பை. முகம் சுளிக்காதீர்கள். நாளைக்கு நம்மில் பாதிப் பேர் பட்டறையிலோ, சுத்திகரிப்பு நிலையத்திலோ, கட்டட வேலையிலோ நிற்கப்போகிறோம். "இந்தக் கழிவை எங்கே கொட்டலாம் சார்?" என்று யாராவது நம்மிடம் கேட்பார்கள். அன்றைக்கு நாம் சொல்லப்போகும் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் அமராவதி நகர். முதலைப் பண்ணை பார்க்க வருவீர்களே, அதே ஊர்தான். 1957-ல் கட்டி முடித்த அணையின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். அப்பாவுக்கு வேலை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில். அம்மா பிறந்த ஊரோ நொய்யல் கரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. ஒரு பக்கம் சாயத்தில் வந்த சம்பளம், இன்னொரு பக்கம் சாயத்தால் போன கிணறு. இரண்டும் எங்கள் வீட்டுக் கதைதான்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் முடிந்தது. பாசனத்துக்காகக் கட்டியது. ஆனால் மேலே திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, சாயக் கழிவு ஆற்றில் வந்து அணையில் தேங்கியது. அணை கழிவுத் தொட்டி ஆகிவிட்டது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு போடுகிறோம் அல்லவா? அந்த உப்பு சாயத்தைத் துணியில் ஏற்ற உதவுமே தவிர, தான் துணியோடு போகாது. போட்ட உப்பு மொத்தமும் தண்ணீரில்தான் மிச்சம். அந்தத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நிலத்துக்குள் இறங்கி, சுற்று வட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது.

"ஏனுங்க அப்புச்சி, கிணத்துல தண்ணி இல்லீங்களா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"தண்ணிக்கு என்ன கண்ணு, நெறையக் கெடக்குது. வாயில வைக்கத்தான் முடியாது" என்றார்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை வந்தால்தான் திறக்கலாம் என்றாயிற்று. அந்த மாதங்களில் அப்பாவுக்கு வேலை இல்லை. அதனால் தொழிலை மூடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்புச்சியின் கிணற்றைப் பார்த்த பிறகு, தொழில்தான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லவும் வாய் வராது.

நான் யோசித்தது வேறொன்று. கழிவு எப்போதும் ஏன் பள்ளத்தையே, தண்ணீர் நிற்கிற இடத்தையே தேடிப் போகிறது? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நிலத்தில் இளைத்தது ஈர நிலம். வீடு கட்ட உதவாது, உழ உதவாது. ஆகவே அது சும்மா கிடக்கிறது என்று முடிவு கட்டி, மண்ணோ குப்பையோ போட்டு மேடாக்குகிறார்கள்.

இதற்குப் பெரிய சாட்சி சென்னையில் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வேளச்சேரி போயிருந்தபோது, துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையில் பஸ்ஸில் போனேன். ஒரு பக்கம் தண்ணீரும் கோரையும் கொக்குக் கூட்டமும். சற்றுத் தள்ளி ஒரு மலை. அது பெருங்குடி குப்பை மேடு என்று கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே 1980-களின் கடைசியிலிருந்து சென்னையின் குப்பை கொட்டப்பட்டது. பரப்பு சுமார் 225 ஏக்கர். 'கழுவெளி' என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருந்த இடம், அரசுப் பதிவேட்டில் வெறும் தரிசு!

அது சும்மா கிடந்ததா? நாம் படித்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் ஆயிரம் லாரி. 225 ஏக்கர் ஏறத்தாழ 91 ஹெக்டேர். அப்படியானால் 91,000 லாரித் தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தைக் குப்பை பிடித்துக்கொண்டது. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் அந்தச் சதுப்பைத் தேடித்தான் வருகிறது. வந்த தண்ணீருக்கு இடம் இல்லையென்றால் அது வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் வேளச்சேரிக்காரர்கள் மாடியில் நின்றதற்கு, சுற்றிலும் எழுந்த கட்டடங்களோடு இப்படி மேடாக்கியதும் ஒரு காரணம்.

அடுத்தது கசிவு. உலர்ந்த நிலத்தில் கொட்டிய குப்பையில் பெரும்பாலும் மழை பெய்யும்போதுதான் சாறு இறங்கும். சதுப்பில் கொட்டினால் குப்பை தண்ணீரிலேயே ஊறுகிறது. டீத்தூள் போட்ட மாதிரிதான். பேட்டரி, பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாவற்றின் சத்தும் இறங்கும். அழுகும் பொருள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மீனும் புழுவும் சாகும். அதை நம்பி வரும் பறவை எங்கே போகும்?

மூன்றாவது நெருப்பு. காற்றுப் படாமல் அழுகும் குப்பையில் மீத்தேன் உண்டாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை பற்றி, நாள்கணக்கில் நகரமே புகையில் திணறியது. அதுவும் சதுப்பைத் தூர்த்து அமைத்த இடம்தான். 2017-ல் சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

"அப்படியானால் ஒழுங்காகக் கட்டலாமே?" என்று சிவில் நண்பர்கள் கேட்பீர்கள். கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் செமக்காவ் தீவருகே கடலையே 7 கிலோமீட்டர் கற்கரை போட்டு வளைத்து, உள்ளே நீர் கசியாத விரிப்பும் களிமண்ணும் பதித்தார்கள். 1999-ல் திறந்தது. குப்பையை முதலில் எரித்து, பெரும்பாலும் சாம்பலைத்தான் அங்கே கொட்டுகிறார்கள். வேலையில் அழிந்த சதுப்புக் காட்டுக்குப் பதிலாகப் புதிதாகவும் நட்டார்கள். கசிவு இருந்தால் அந்த மரங்களே காட்டிக்கொடுக்கும். செலவு சுமார் 61 கோடி சிங்கப்பூர் டாலர். இத்தனை செய்தும் அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அவர்களே சொல்கிறார்கள். அவ்வளவு பணமும் கண்டிப்பும் இருக்கிற நாட்டுக்கே பள்ளம் தீருகிறது என்றால், நமக்கு?

நம் திருப்பூரிலும் கேள்வி தீரவில்லை. ஆற்றுக்குள் விடாத உப்பு, எவாப்பரேட்டரைத் தாண்டிக் கலப்பு உப்பாக, கசடாக மூட்டையில் நிற்கிறது. நகரக் குப்பை, கல் எடுத்துக் கைவிட்ட பாறைக்குழிகளுக்குப் போனது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பாறையின் விரிசல் வழியே சாறு யார் கிணற்றுக்குப் போகும் என்பதுதான் அவர்கள் பயம். அந்தப் பயம் நியாயமானது. எங்கள் அப்புச்சியைக் கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்? சாயத் தொட்டியில் உப்பைக் குறைக்கும் சாயங்களும் முறைகளும் வந்திருக்கின்றன. புராஜெக்டுக்கு அதை எடுக்கலாம். வேலைக்குப் போகும் இடத்தில் கசடு எங்கே போகிறது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விடுதியில் சோற்றுக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் தனியே போடலாம். அழுகுவது உரமாகிவிட்டால், மேட்டுக்குப் போகும் சுமையும் குறையும், மீத்தேனும் குறையும்.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. பெருங்குடி மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலையும் தொடங்கியது. கொட்டியதைக் கோடிக்கணக்கில் செலவழித்து அள்ள வேண்டியிருக்கிறது. கொட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால் செலவே இல்லை.

ஆகவே நண்பர்களே, டிப்ளமோ கையில் வாங்கிய பிறகு யாராவது ஒரு பள்ளத்தைக் காட்டி, "சும்மாதானே கிடக்குது, கொட்டிடலாமா?" என்று கேட்டால், "மழை பெஞ்சா இங்க எந்தத் தண்ணி வந்து நிக்கும், இங்கிருந்து எந்தக் கிணத்துக்குப் போகும்னு சொல்லுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று கேட்கிற தைரியம் நம் எல்லோருக்கும் வரட்டும்.

– இறுதியாண்டு மாணவன்,
டெக்ஸ்டைல் பிராசஸிங் பிரிவு,
அமராவதி நகர்