மெதுவாகப் பேசியவர்

பொள்ளாச்சியில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள் ராத்திரி, சாம்பார் ஊற்ற வந்த அண்ணனிடம் தட்டின் மேல் கையை வைத்து "மதி, மதி" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவன் கேட்டான்: "மதின்னா நிலாவா? தட்டுலயா விழுந்துச்சு?" பந்தி முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊரில் 'போதும்' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். அது மலையாளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து ஒரு மாதம், வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் வெளியே விட்டேன்.

கொல்லங்கோட்டுக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தெற்கே சுவர் மாதிரி நெல்லியாம்பதி மலை. மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். முதலமடை மாந்தோப்புகள் வழியாகக் கொஞ்ச தூரம் போனால் சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பஞ்சாயத்து ஆபீஸ் காகிதம் மலையாளம், சினிமா தமிழ். பாலக்காட்டுக்குப் போனால் எங்கள் மலையாளத்தைக் கேட்டு "பாண்டியா?" என்பார்கள். பொள்ளாச்சிக்குப் போனால் "மலையாளத்தானா?" இரண்டு பக்கமும் எங்கள் நாக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்படி வாயைக் கட்டிக்கொண்டு திரிந்த நாட்களில்தான், விடுதி வாசிப்பறையில் கிடந்த ஒரு பழைய வார இதழில், நடிகர் ரகுவரன் கொல்லங்கோட்டில் பிறந்தவர் என்று படித்தேன். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. தாய்மொழி மலையாளம். 1958 டிசம்பர் 11இல் பிறந்தவர். அப்பா ஓட்டல் தொழிலுக்காகக் கோயம்புத்தூருக்குக் குடிபெயர, அங்கே வளர்ந்து, அங்கே படித்து, பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அடையாறு திரைப்படக் கல்லூரிக்குப் போனவர். எங்கள் பக்கத்திலிருந்து தமிழ் சினிமாவுக்குப் போனவர்கள் என்றால் பெரியவர்கள் எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனைச் சொல்வார்கள், எம்.ஜி.ஆரின் குடும்பத்துக்கு வடவன்னூர் பூர்வீகம் என்பார்கள். அவர்களெல்லாம் எனக்கு எட்டாத உயரம். ரகுவரன் அப்படியில்லை. அவரை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். அதனால் அவர் நெருக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப்படத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி, வசனமும் இசையும் மட்டும். அதில் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்த அன்று மாமாவின் டீக்கடையில் பத்துப் பேர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 1986இல் வந்த அந்த விசு படத்தில் ரகுவரன் மூத்த மகன் சிதம்பரம். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போன மாதம் அவளுடைய சாப்பாட்டுச் செலவைக் கழித்துக்கொண்டு அப்பாவிடம் சம்பளத்தைக் கொடுக்கிறவன். விசு வேகமாக, ஏற்ற இறக்கத்தோடு பொரிந்து தள்ளுவார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். நடுவே ஒரு குரல் மட்டும் கணக்குப் புத்தகம் வாசிப்பது போல நிதானமாக வரும். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டபோது, கோபமே இல்லாத அந்தப் பேச்சுதான் வீட்டை உடைக்கப்போகிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. மாமா ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டார்.

அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த வில்லன்கள் எல்லாம் உரக்கப் பேசுகிறவர்கள். பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பு கொட்டகைக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும். எம்.ஆர்.ராதா ஒரே வாக்கியத்தில் இரண்டு குரலில் பேசுவார். அசோகன் சொற்களை இழுத்து முறுக்குவார். அவர்கள் நாடக மேடையின் வழி வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசிப் பெஞ்சுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கிய தொண்டைகள் அவை. அந்தக் கலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மைக் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் வில்லன் கத்திக்கொண்டேதான் இருந்தான். மைக் வாயருகே இருக்கிறது, இனி மூச்சு விட்டாலே போதும் என்பதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்ட வில்லன் ரகுவரன்தான் என்பது என் எண்ணம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பில் பேசுவது ஒரு குறிப்புக்குத்தான். நாம் கேட்கிற பேச்சு பிறகு டப்பிங் தியேட்டரில் பதிவானது. இருட்டறையில் திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே, மாதங்களுக்கு முன் நடித்த கோபத்தையும் அழுகையையும் குரலில் மட்டும் மறுபடி கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கில் சொந்தக் குரலில் பேசிய தமிழ் நடிகர் எல்லாருமே ஒரே வேஷத்தை இரண்டு தடவை நடித்தவர்கள், குரல் நடிகர்கள். சொந்தக் குரல் பொருந்தாதவர்களுக்கு வேறொருவர் பேசுவார். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குத் தமிழ் கொடுத்தது நடிகை ரோகிணி. 'அமராவதி'யில் அஜித்துக்குப் பேசியவர் விக்ரம். 1994இல் வந்த 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்குப் பேசியவரும் விக்ரம்தான். அதே 'காதலன்' படத்தில் ரகுவரன் வில்லன். நாயகனின் குரல் இரவல், வில்லனின் குரல் சொந்தம். படம் பார்த்தபோது தெரியாது. பிற்பாடு தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது, பெரியதாக ஏதோ ஜெயித்துவிட்டது போல எனக்கு ஒரு சந்தோஷம்.

பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது என்று குரலை மாற்றுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கறுப்பு முகமூடியும் அங்கியுமாக டார்த் வேடர் வேஷம் போட்டு நின்றவர் டேவிட் பிரௌஸ் என்ற இங்கிலாந்துக்காரர், பளுதூக்கும் வீரர். அவருடைய தென்மேற்கு இங்கிலாந்துப் பேச்சு அந்த வேஷத்துக்கு ஒத்துவராது என்று அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸைப் பேச வைத்தார்கள். உலகமே பயந்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சின்ன வயதில் கடுமையாகத் திக்கியவர். மிசிசிப்பியில் பிறந்து மிச்சிகனில் வளர்ந்த கறுப்பினப் பையன். திக்கலுக்குப் பயந்து ஏறக்குறைய எட்டு வருஷம் பள்ளியில் வாயே திறக்காதவர். பையன் கவிதை எழுதுகிறான் என்று கண்டுபிடித்த ஓர் ஆசிரியர், அதை வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்லித்தான் பேச்சு திரும்பியது. 'தி லயன் கிங்' படத்தில் முஃபாசாவாகப் பேசியவரும் அவர்தான். 2024 செப்டம்பரில், 93 வயதில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு விடுதிப் பந்தியும், தட்டின் மேல் வைத்த என் கையும் ஞாபகம் வந்தன.

ரகுவரனின் முதல் படம் 'ஏழாவது மனிதன்', 1982இல் ஹரிஹரன் இயக்கியது. தாமிரபரணிக் கரையில் சிமெண்ட் ஆலையை எதிர்த்து நிற்கும் நாயகன். தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. ஆனாலும் அவரைத் தேடி நாயக வாய்ப்புகள் வரிசையாக வந்துவிடவில்லை. எதிர்மறை வேஷங்களுக்குள் போனார், அங்கேதான் குரல் விளைந்தது.

'புரியாத புதிர்' 1990இல் வந்தது, கே.எஸ்.ரவிக்குமாருக்கு முதல் படம். சந்தேகம் பிடித்த கணவனாக ரகுவரன். மனைவி ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், அவர் 'ஐ நோ' என்கிறார். மறுபடியும் 'ஐ நோ'. அந்த இரண்டே சொல்லை அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒன்று சாதாரணமாக வரும். ஒன்று சிரிப்போடு. ஒன்றில் 'நோ' நீண்டு தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிடும். ஒன்று மூச்சாகவே வெளியேறும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணைச் சுற்றியிருக்கும் இடம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. கை ஓங்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. உனக்கு இனி சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதை அவளுக்கு உணர்த்திவிடுகிறார். பெண்களைச் சந்தேகத்தாலேயே கொல்கிற கணவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்களும் கத்துகிறவர்கள் இல்லை.

அதே 1990இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'. குழந்தை இறந்துபோயிற்று என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யைத் தனியே சுமக்கிற தகப்பன். அங்கேயும் அதே தாழ்ந்த குரல்தான், ஆனால் பயமுறுத்தாது. பாரம் தூக்கியவன் படியேறும்போது பேசுவது போல, சொற்களுக்கு நடுவே இடைவெளி விழும். ஒரே தொண்டை ஒரே வருஷத்தில் அந்தக் கணவனையும் இந்தத் தகப்பனையும் கொடுத்தது. நடிப்பு என்றால் முகம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த இரண்டு படத்தைத்தான் காட்டுவேன்.

என் சித்தியை இடுக்கியில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. கம்பத்திலிருந்து குமுளி ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ். லயத்தில் வரிசையாக வீடுகள், ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். திருவிழா ராத்திரியில் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து லயத்து முற்றத்தில் விடிய விடியப் படம் போடுவார்கள். அப்படித்தான் அங்கே 'பாட்சா' பார்த்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது, எல்லார் தலையிலும் துண்டு, கம்பளி. ரஜினி வந்தபோது விசில் பறந்தது. ரகுவரனின் மார்க் ஆண்டனி வந்தபோது குழந்தைகள் அம்மாக்களை ஒட்டி உட்கார்ந்தன. எனக்கு முன்னால் இருந்த பாட்டி, நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளின கை, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "கத்தாமப் பேசுறான் பாரு. அதான்டி பயமா இருக்கு."

எந்த விமரிசனத்திலும் இதைவிடச் சரியாக நான் படித்ததில்லை. மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் வெட்டுகிறவர்களின் அமைதியான குரலை வாழ்நாள் முழுக்கக் கேட்டவள் அவள்.

ரகுவரன் மலையாளத்திலும் நடித்தார். எம்.முகுந்தனின் நாவலை வைத்து லெனின் ராஜேந்திரன் எடுத்த 'தெய்வத்தின்டெ விக்ருதிகள்' 1992இல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் மாஹேயை விட்டுப் போக மனமில்லாத மந்திரவாதி அல்போன்ஸ் அச்சனாக வந்தார். எந்தக் கரைக்குச் சொந்தம் என்று தெரியாமல் நிற்கிற மனிதர். அந்த முகத்தைப் பார்க்கும்போது எல்லைக்காரனான எனக்கு நெஞ்சு அடைத்தது.

1999இல் 'முதல்வன்'. தொலைக்காட்சிப் பேட்டியில் அர்ஜுன் கேள்விமேல் கேள்வியாக அடுக்க, முதல்வர் அரங்கநாதனாக வரும் ரகுவரன் முதலில் சமாளிப்பாகப் பதில் சொல்கிறார். பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக நெரிபடுகிறது. கடைசியில் குண்டடிபட்டுச் சாகும்போது, நல்ல பேட்டி அது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போகிறார். தோற்றவனின் அந்த வாக்கியத்தில் ஒரு மரியாதை இருந்தது. வில்லனுக்காக நான் கண் கலங்கிய படம் அது ஒன்றுதான்.

2008 மார்ச் 19 அன்று அவர் போய்விட்டார். 49 வயது. இரண்டு வாரம் கழித்து 'யாரடி நீ மோகினி' வெளியானது. அதில் தனுஷின் அப்பா அவர், பாதிப் படத்தில் தூக்கத்திலேயே இறந்துபோவார். பொள்ளாச்சியில் பார்த்தேன். அந்தக் காட்சி வந்தபோது கொட்டகையில் ஒரு சத்தமில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் மெல்ல மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

இப்போது கொல்லங்கோட்டுக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறது. இந்தியாவின் அழகான கிராமங்களில் ஒன்று என்று 2023 வாக்கில் பேர் பரவிய பிறகு, சனி ஞாயிறுகளில் வயல் வரப்பெல்லாம் போட்டோ எடுக்கிறவர்கள். போன மாதம் மாமாவின் கடையில் திருப்பூர்ப் பையன்கள் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா இப்போது இல்லை, அவர் மகன்தான் ஆற்றுகிறான். பேச்சுவாக்கில் ரகுவரன் இந்தப் பக்கத்தில் பிறந்தவர் என்றேன்.

"அண்ணா, அவரு மெட்ராஸ்காரர் இல்லீங்களா?"

"இல்ல தம்பி. கொல்லங்கோடு."

"தமிழ் அப்படிப் பேசுவாருங்களே?"

"ஆமா, பேசுவார்" என்றேன். எனக்குத் தொண்டை சற்று இறுகியது. ஒருவன் எழுந்து, தலையை லேசாகச் சாய்த்து, கூட்டாளியின் முகத்துக்கு நேரே போய் 'ஐ நோ, ஐ நோ' என்று நடித்துக் காட்டினான். ரகுவரன் போனபோது இவன் பால்வாடிக்குப் போயிருப்பானோ என்னவோ. சாய்வு சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது. குரல்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லு தம்பி" என்றேன்.