தேயிலைக்கு இருக்கிறது, போஞ்சிக்கு?

லுணுகலை, பசறைப் பக்கம் தேயிலைக்கு நோய் வந்தால் கேட்க இடம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருந்தாலும் பசறையிலும் அதற்குக் கிளை உண்டு. யாருடைய தயவாலும் அது வளரவில்லை. ஏற்றுமதித் தேயிலையில் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுத்த செஸ் வரியில் வளர்ந்தது. அதே மண்ணில் போஞ்சியும் கறிமிளகாயும் போடுகிறவருக்குப் பண்டாரவளை அரச ஆராய்ச்சி நிலையம்தான் கதி. அதுவோ திறைசேரியின் கையைப் பார்த்து நிற்பது. ஆஸ்திரேலியாவில் தோட்டக்கலை விவசாயிகள் விளைச்சலுக்கு லெவி கட்டுகிறார்கள். ஆராய்ச்சிக்குப் போகும் பங்குக்கு ஈடாக அரசும், ஒரு வரம்புக்குள், பணம் போடுகிறது.

நம் மரக்கறிக்கும் அப்படியொரு ஆராய்ச்சி நிதி வேண்டும். லயத்துப் பக்கத்துத் துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிறவரிடமும் வரியா என்று கேட்பீர்கள். வேண்டாம். நம் கலப்பின மரக்கறி விதையில் பெரும்பகுதி இறக்குமதி. வரியை அந்த இறக்குமதியில் எடுக்கலாம். விதைக் கம்பனிகள் அதை விலையில் ஏற்றிவிடும் என்பதும் சரிதான், ஆனால் இன்று விலை ஏறும்போது நமக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லையே! பணம் போட்டவன்தான் ஆராய்ச்சியை இழுப்பான் என்ற பயம்தான் உண்மையில் கனமானது. ஆகவே எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் சபையில், காணி உறுதி இல்லாத தோட்டத்து விவசாயிக்கும் வாக்கு வேண்டும். ஊவாவில் வோட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.