தலைப்பு வைத்தவர் கிளெமான்சோ

பிரெஞ்சில் படித்த நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 1898 ஜனவரி 13 அன்று பாரிசில் 'லோரோர்' பத்திரிகையில் எமில் ஸோலாவின் கடிதம் வந்தது. குற்றமற்ற ராணுவ அதிகாரி த்ரேஃபுஸுக்காக எழுதியது. 'குடியரசுத் தலைவருக்குக் கடிதம்' என்றுதான் ஸோலா தலைப்பு வைத்திருந்தார். நாங்கள் ஆபீஸ் கடிதத்தில் 'பொருள்' என்று போடுவோமே, அந்த மாதிரி! பத்திரிகையில் இருந்த கிளெமான்சோ, கடித முடிவில் திரும்பத் திரும்ப வரும் 'ழக்யூஸ்', அதாவது 'குற்றம் சாட்டுகிறேன்' என்பதை எடுத்துத் தலைப்பாகப் பெரிதாகப் போட்டார். மூன்று லட்சம் பிரதி வரை அச்சானதாம். அந்தச் சொல் உள்ளேயே இருந்தது, அதுதான் விசேஷம்.

இப்போது செல்பேசியில் 'பென்ஷன்தாரர்களுக்கு அதிர்ச்சி!' என்று வருகிறது. திறந்து பார்த்தால், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டுமாம். வருஷா வருஷம் கொடுப்பதுதானே? தலைப்பை மட்டும் படித்த என் மனைவி அன்று இரவு தூங்கவில்லை.