இருங்காட்டுக்கோட்டையின் வேக ரசிகர்கள்

சென்னையினின்று பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 40 கி.மீ. சென்றால், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னர் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. இராமானுசர் பிறந்த தலமென்றே அப்பகுதியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்றோ ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகளே கண்ணை நிறைக்கின்றன. ஆயினும் அவற்றுட் பலவற்றுக்கு முன்னரே இங்கு வந்தது மோட்டார் பந்தயத் தளம். ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். பந்தயத் தளமோ 1990இலேயே திறக்கப்பெற்றது.

அதற்கு முன்னர், வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்திற் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. சோழவரத்தின் பெயரைச் சொன்னாலே முகம் மலரும் முதியவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. அக்கிளப்பே இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கி.மீ. நீளமுள்ள வளைவுப் பாதையை அமைத்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு பிற்பகல், பங்கு இளைஞர் சிலர் வற்புறுத்தவே நானும் சென்றேன். வெயிலோ வெயில்! வண்டி கண்ணெதிரே தோன்றுவதும் மறைவதும் ஒரு நொடி; மீண்டும் அது வரும்வரை வெற்றுச் சாலைதான். இதற்கோ இத்தனை ஆரவாரம் என்று எண்ணினேன். ஒரகடத்து ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் இளைஞர் கண்களை மூடி நின்றார். "சத்தத்தைக் கேளுங்க ஃபாதர். வளைவுக்கு முன்னாடி யார் கடைசியா பிரேக் பிடிக்கிறாங்கன்னு அதிலேயே தெரியும்" என்றார். ஆம், காது பழகியபின் எனக்கும் தெரிந்தது. நாளெல்லாம் பிரேக் பாகங்களைக் கடைந்து தரும் கைகள் அவருடையவை. அவருக்குப் பந்தயம் வெறும் வேடிக்கையன்று.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், 1859இல் விதி வகுக்கப்பெற்ற அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டிக்கு இலட்சம் பேர் கூடுவர். தந்தையின் அணி எதுவோ, பெரும்பாலும் அதுவே பிள்ளைக்கும். நம்மவர்க்கு அத்தகைய பரம்பரை அணி இல்லை. பற்றுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அப்படிக் கிடைத்தவர் கோவை நரேன் கார்த்திகேயன். இதே இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி வண்டியோட்டித் தம் முதற் பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவரானவர். அவ்வண்டியை வடிவமைத்த கோவை கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். தம் ஊர்ப் பிள்ளை உலக அரங்கேறியதை அவர் காணவில்லை. 2005 மார்ச்சில் நரேன் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார், அதுவும் அந்த மெல்பர்ன் நகரிலேயே! அவ்வாண்டு ஜூனில் இண்டியானாபோலிஸில் நான்காமிடம் பெற்றார். டயர்ச் சிக்கலால் மற்றவர் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறே வண்டிகள். நம் இளைஞர்கள் இதை மறைப்பதில்லை. "ஆறுல நாலு, ஃபாதர்; ஆனா அஞ்சு பாயிண்ட்டு" என்று சிரிக்கிறார்கள்.

சிரிப்படங்கும் பேச்சும் உண்டு. 2023 ஜனவரியில் இத்தளத்திலே அனுபவமிக்க ஓட்டுநர் கே. இ. குமார் வண்டி மோதி மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உயிரிழந்தான். தலைக்கவசமும், மருத்துவரும், ஆம்புலன்சும் ஆயத்தமாய் நின்ற இடத்தில்! பதின்மூன்று வயதுப் பிள்ளையை அவ்வேகத்தில் ஓடவிடலாமா என்று கேட்டேன். ஒருவர், "சின்ன வயசிலே தொடங்கினாத்தான் வர முடியும்" என்றார். அப்பதில் எனக்கு ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

அதைவிட அஞ்சுவது நெடுஞ்சாலையை. பந்தயம் முடிந்து வெளிவரும் சில பிள்ளைகள், லாரிகள் வரிசையாய்ச் செல்லும் சாலையிலேயே கைப்பிடியை முறுக்கிப் பறக்கின்றனர். அங்கே கொடி காட்டி எச்சரிப்பார் இல்லை. ஈராண்டுக்கு முன் என் பங்கில் 22 வயது மகனை அடக்கம் செய்தோம். கல்லறையில் அவன் தாய், வீட்டிலிருந்து எடுத்து வந்த தலைக்கவசத்தைக் கையில் வைத்திருந்தாள். அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்று என்னுடன் வந்தவர்களுள் இருவர் அவனுடைய நண்பர்கள். திரும்புகையில் இருவரும் கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, இரவுப் பணிக்கு நேரமாகிறதென்று, ஒரகடம் சாலையில் மெதுவாகவே சென்றனர்.